கை தேய்ந்தவருக்கு மண்டபத்தில் இடமுண்டா?



அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோட்டத்து முச்சந்தியில் இருக்கும் ஒட்டுக்கடைக்குத் தே குடிக்கப் போனேன். திரும்பி வர ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகிவிட்டது. காரணம் ஒரு வாக்குவாதம். அரசியலா, சம்பளமா என்று கேட்பீர்கள். இரண்டுமில்லை. அமெரிக்காவில் பேஸ்பால் ஆடி ஓய்ந்து, 2024-ஆம் ஆண்டில் காலமாகிவிட்ட ஒரு பந்தெறியாளரைப் பற்றித்தான் அத்தனை வாதம்!

தொடங்கி வைத்தவன் என்னிடம் படித்த பையன். இப்போது பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். உலகத்து விளையாட்டையெல்லாம் கைத்தொலைபேசியில் பார்ப்பவன். "சார், வலென்சுவேலாவைப் புகழ் மண்டபத்தில் சேர்க்கவில்லை என்று பலரும் வருத்தப்படுகிறார்கள். கணக்கைப் பார்த்தால் சேர்க்காததுதான் சரி" என்றான். பக்கத்தில் அவன் தந்தை உட்கார்ந்திருந்தார். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைக் குலை அறுத்தவர். வலது தோளைத் தூக்க முடியாமல், இடக் கையால் குவளையைப் பிடித்திருந்தார்.

பேஸ்பால் நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம். பள்ளிகளில் ஆடும் சாஃப்ட்பாலுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து பந்தை எறிவார். எதிரணிக்காரர் மட்டையால் அடித்துவிட்டு ஓடுவார். ஓர் ஆட்டத்திற்கு ஒன்பது இன்னிங்ஸ். ஆட்டத்தின் தலைவிதி பெரும்பாலும் பந்தெறிபவரின் கையில் இருக்கிறது.

நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்றொரு சிற்றூர். அங்கே 1939-இல் திறக்கப்பட்ட புகழ் மண்டபத்தில், சிறந்த ஆட்டக்காரர்களின் முகத்தை வெண்கலத் தகட்டில் வார்த்து மாட்டுகிறார்கள். நுழைவது எளிதன்று. முதலில் விளையாட்டு எழுத்தாளர்கள் வாக்களிப்பார்கள். 75 விழுக்காடு வேண்டும். 5 விழுக்காடு கிடைக்காவிட்டால் பெயரே பட்டியலிலிருந்து போய்விடும். அப்படி விடுபட்டவர்களைப் பிறகு 16 பேர் கொண்ட குழு ஒன்று பரிசீலிக்கும். அதில் 12 வாக்கு வேண்டும்.

இனி நம் கதாநாயகரைப் பார்ப்போம். ஃபெர்னாண்டோ வலென்சுவேலா 1960-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், மெக்சிகோ நாட்டின் சொனோரா மாநிலத்தில் எச்சோவாக்கீலா என்னும் குக்கிராமத்தில் பிறந்தார். சிறு நிலத்தில் பாடுபட்டுப் பிழைத்த குடும்பம். பன்னிரண்டு பிள்ளைகளில் இவரே கடைக்குட்டி. ஒரு தேர்வாளர் வேறோர் ஆட்டக்காரரைப் பார்க்கப் போன இடத்தில் இவருடைய இடக் கை எறியைக் கண்டு வியந்தார். 1979-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் டாட்ஜர்ஸ் குழு இவரை வாங்கியது.

1981-ஆம் ஆண்டின் முதல் ஆட்டம். எறியவேண்டியவருக்குக் காலில் காயம். இருபதே வயதான இந்தப் பையனை நிறுத்தினார்கள். எதிரணி ஓர் ஓட்டம்கூட எடுக்கவில்லை. 2-0 என்று வெற்றி. தொடர்ந்து எறிந்த முதல் எட்டு ஆட்டங்களிலும் வெற்றி. அவற்றில் ஐந்தில் எதிரணிக்கு ஓட்டமே இல்லை. அந்த ஆண்டு டாட்ஜர்ஸ் உலகத் தொடரை வென்றது. சிறந்த புதுமுகம் என்ற விருதும், சிறந்த பந்தெறியாளருக்கான சை யங் விருதும் ஒரே ஆண்டில் இவருக்குக் கிடைத்தன. அந்த இரண்டையும் ஒரே ஆண்டில் பெற்றவர் அன்றும் இன்றும் இவர் ஒருவரே.

அரங்கத்திற்கு வெளியே நடந்தது இதைவிடப் பெரிது. அந்த டாட்ஜர்ஸ் அரங்கம் நிற்கும் குன்றுப் பகுதியின் பெயர் சாவேஸ் ரவைன். ஒரு காலத்தில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் மூன்று சிற்றூர்களாக வாழ்ந்த இடம். ஏழைகளுக்கு வீடு கட்டப்போகிறோம் என்று 1950-களின் தொடக்கத்தில் நகராட்சி நிலத்தை எடுத்தது. வீட்டுத் திட்டம் கைவிடப்பட்டது. நிலம் பேஸ்பால் குழுவுக்குப் போனது. போக மறுத்த கடைசிக் குடும்பங்களை 1959 மே மாதம் வலுக்கட்டாயமாக வெளியேற்றினார்கள். 1962-இல் அரங்கம் திறந்தது. வீடிழந்த மக்களில் பலர் அந்த வாசலை மிதிக்கமாட்டோம் என்றிருந்தார்கள்.

குடியிருந்த இடத்தைவிட்டுச் சட்டி பானையோடு கிளம்புவது எப்படி இருக்கும் என்று தோட்டத்து மக்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

அந்த மக்களின் சாயலில், அவர்கள் மொழியை மட்டுமே பேசிக்கொண்டு ஓர் இளைஞன் அரங்கத்தின் நடுவே நின்றபோது, கோபத்தோடு விலகியிருந்தவர்கள் பிள்ளைகுட்டிகளோடு உள்ளே வந்தார்கள். பழத்தோட்டத்தில் வேலை செய்பவரும், உணவகத்தில் தட்டுக் கழுவுபவரும் ஸ்பானிய வானொலியில் ஆட்டத்தைக் கேட்டார்கள். இந்த எழுச்சிக்கு 'ஃபெர்னாண்டோமேனியா' என்றே பெயர் வந்துவிட்டது. 1983-இல் சம்பளத் தகராறு நடுவரிடம் போனபோது, நடுவர் தீர்ப்பால் பத்து லட்சம் டாலர் பெற்ற முதல் பேஸ்பால் ஆட்டக்காரரும் இவரே.

"இதெல்லாம் சரி சார், ஆனால் மொத்தக் கணக்கு?" என்றான் பையன். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. 17 பருவங்களில் 173 வெற்றி, 153 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ஓட்டம் 3.54. நல்ல கணக்குதான், மண்டபத்துக் கணக்கு என்று சொல்ல முடியாது. எழுத்தாளர்கள் 2003-இல் 6.2 விழுக்காடும் 2004-இல் 3.8 விழுக்காடும் கொடுத்தார்கள். அதோடு பெயர் போயிற்று. 2025 டிசம்பரில் 16 பேர் குழுவின் முன் வந்தபோது ஐந்து வாக்குகூடக் கிடைக்கவில்லை. அதனால் 2031-க்கு முன் அவர் பெயரை மீண்டும் எடுக்க முடியாது.

நான் விடவில்லை. "சாண்டி கூஃபாக்ஸ் என்பவர் 165 ஆட்டம்தானே வென்றார்? அவரை 1972-இல் சேர்த்தார்களே?" என்று கேட்டேன். பையன் அதற்கும் விடை வைத்திருந்தான். "கூஃபாக்ஸ் முப்பது வயதில் முழங்கை வலியால் ஓய்ந்தார். ஆனால் 87 தோல்விதான். சராசரி 2.76. சை யங் விருது மூன்று. உச்சியில் நின்ற ஐந்து ஆண்டில் அவருக்கு நிகரில்லை, சார்." உண்மை. மதிப்பெண் போடும் வேலை பார்ப்பவன் நான், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்போதுதான் அதுவரை பேசாமலிருந்த தந்தை வாய் திறந்தார்.

"வாத்தியாரே, அந்தப் பையன் கை எப்போ கெட்டுச்சு?"

"1988-இல் தோள்பட்டையில் காயம், அண்ணே. வயது இருபத்தேழு."

"அதுக்கு முன்னாடி எவ்வளவு வேலை வாங்கினாங்க?"

பையன் கைத்தொலைபேசியில் தேடி வாசித்தான். 1982 முதல் 1987 வரை ஆறு ஆண்டுகளிலும், ஆண்டுக்கு 250 இன்னிங்ஸுக்கு மேல். இன்று ஆண்டுக்கு 200-ஐத் தொடுபவர்களே மிகச் சிலர். 1986-இல் மட்டும் 20 ஆட்டங்களைத் தொடக்கம் முதல் முடிவுவரை இவரே எறிந்து முடித்திருக்கிறார். அந்த ஆண்டு 21 வெற்றி. 1981 உலகத் தொடரில், குழு இரண்டு ஆட்டம் தோற்றுத் தத்தளித்தபோது, மூன்றாவது ஆட்டத்தில் ஒரே நாளில் 147 பந்து எறிந்து வென்று கொடுத்திருக்கிறார். எல்லாம் இளம் வயதில், ஒரே கையால்.

"அதுக்கப்புறம்?"

"1990-இல் ஓர் ஆட்டத்தில் எதிரணி ஒரு நல்ல அடிகூட அடிக்க முடியாதபடி எறிந்தார். மறு ஆண்டு மார்ச் மாதம், பருவம் தொடங்கும் முன் குழு அவரை நிறுத்திவிட்டது. பிறகு 1997 வரை வேறு வேறு குழுக்களில் ஆடினார். தோல்விகளில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் காயத்திற்குப் பிறகு வந்தவை."

பெரியவர் இடக் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தார். "கையைத் தேய வச்சுட்டு, ஏன்டா நீ ரொம்ப நாள் நல்லா உழைக்கலேன்னு கேக்கறதா கணக்கு?" என்றார்.

பையன் பதில் சொல்லவில்லை. தந்தையின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசகர்களே, வீடு திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. உட்கார்ந்து யோசித்தேன். அந்தக் கேள்வி ஒன்றே அவரை மண்டபத்தில் ஏற்றிவிடாது. கை தேய்ந்த பந்தெறியாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் இன்னொன்று இருக்கிறது. எண்களை மட்டும் வைத்துத்தான் மண்டபம் ஆளைச் சேர்க்கிறதா?

அதே 2025 டிசம்பரில், அதே குழுவின் முன் ரோஜர் கிளெமென்ஸ் பெயரும் வந்தது. 354 வெற்றி, ஏழு சை யங் விருது. எண்களில் மலை. அவருக்கும் ஐந்து வாக்கு கிடைக்கவில்லை. ஊக்கமருந்து பயன்படுத்தினார் என்று 2007-இல் ஓர் அறிக்கை குற்றம் சாட்டியது. அவர் மறுத்தார், பொய்ச்சாட்சி வழக்கில் 2012-இல் நீதிமன்றம் விடுவித்தது. இருந்தும் அந்த ஐயம் வாசலில் நிற்கிறது. மண்டபத்தின் விதியே ஆட்டத் திறமையோடு நாணயம், நற்பண்பு, குழுவுக்கு ஆற்றிய தொண்டு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்கிறது. அப்படியானால், எண்ணுக்கு அப்பாற்பட்ட ஒன்று ஒருவரைக் கீழே இறக்கலாம் என்றால், எண்ணுக்கு அப்பாற்பட்ட ஒன்று இன்னொருவரை ஏன் மேலே ஏற்றக்கூடாது?

என் தீர்ப்பு இதுதான். 173 வெற்றியை மட்டும் வைத்துக் கேட்டால், வலென்சுவேலாவுக்கு இடமில்லை. அந்த வெற்றிகளோடு, ஆறு ஆண்டு உச்சத்தையும், துரத்தப்பட்ட மக்களை மீண்டும் அந்த அரங்கத்திற்குள் அழைத்துவந்த அந்த ஓர் ஆண்டையும் சேர்த்து நிறுத்தால், இடமுண்டு. அன்று அவருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த ஸ்பானிய வானொலி வருணனையாளர் ஹைமே ஹரீனுக்கு அதே கூப்பர்ஸ்டவுன் 1998-இல் விருது தந்து பெருமைப்படுத்தியது. சொல்லை மொழிபெயர்த்தவருக்குக் கிடைத்த மரியாதை, சொன்னவருக்கு இல்லை என்பது எனக்குப் பொருந்தவில்லை.

குழு மட்டும் பின்னாளில் தன் கடனைத் தீர்த்தது. மண்டபத்தில் இடம்பெற்றவர்களின் எண்களை மட்டுமே ஓய்வுபெறச் செய்வது டாட்ஜர்ஸ் வழக்கம். அதற்கு அதுவரை ஒரே ஒரு விதிவிலக்குதான் இருந்தது. 2023 ஆகஸ்டில் இவருடைய 34-ஆம் எண்ணுக்கும் அந்த மரியாதையைச் செய்தார்கள். 2024 அக்டோபர் 22-இல் தம் 63-ஆம் வயதில் அவர் மறைந்தார். சில நாளில் டாட்ஜர்ஸ் உலகத் தொடரை வென்றது. வெற்றி ஊர்வலம் நவம்பர் முதல் நாள் நடந்தது. அது அவருடைய பிறந்த நாள்.

நம் பள்ளியிலும் ஆண்டு இறுதியில் பரிசு கொடுக்கிறோம். ஓர் ஆண்டு, பள்ளிக்கு வராமல் சுற்றிக்கொண்டிருந்த நான்கு பிள்ளைகளைத் தினமும் வீட்டுக்குப் போய்க் கூட்டிவந்த மாணவன் ஒருவன் இருந்தான். அவனுக்கு மதிப்பெண் நடுத்தரம். பரிசுப் பட்டியலில் அவன் பெயரை நான் எழுதவில்லை. பட்டியலை எழுதியவன் நானே என்பதால் அந்தத் தவற்றை வேறு யார்மீதும் போட முடியாது. இந்த ஆண்டு பட்டியலில் ஒரு வரி கூட்டப்போகிறேன்.

நீங்கள் அந்த 16 பேரில் ஒருவராக இருந்தால் எப்படி வாக்களிப்பீர்கள்? வீட்டில் பிள்ளைகளோடு பேசிப் பார்த்து எழுதுங்கள். பையன் பக்கம் நிற்பவர்களின் கடிதங்களையும் மகிழ்ச்சியோடு படிப்பேன்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.