ஆச்சியோட காதும் அமெரிக்கா மருந்தும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. இன்டர்னல், லேப் ரெக்கார்டு, நடுவுல ஆச்சிக்கு முடியலைன்னு ஊருக்குப் போயிட்டு வந்ததுன்னு ஓடிப்போச்சு. இன்னிக்கு எழுதப்போறது அந்தக் கடைசி விஷயத்துல இருந்து கிளம்பின கோவம். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

போன வாரம் ராத்திரி ஹாஸ்டல்ல ஒரு பேச்சு. நம்ம பசங்க ரெண்டு மூணு பேர் (பேரைச் சொன்னா அடிப்பானுங்க) "மூளை ஆராய்ச்சி எங்கயோ போயிருச்சு மச்சி"ன்னு ஆரம்பிச்சானுங்க. 2024 ஜனவரியில நியூராலிங்க் கம்பெனி ஒரு மனுஷனோட மண்டைக்குள்ள சிப் வச்சது. அதே வருஷம் அக்டோபர்ல ஒரு பழ ஈயோட மூளையை முழுசா வரைபடம் போட்டு முடிச்சாங்க. 1,39,255 நியூரான், எது எதோட இணைஞ்சிருக்குன்னு ஒண்ணு விடாம. டிசம்பர்ல நம்ம சென்னை ஐ.ஐ.டி. கருவுல இருக்கற சிசுவோட மூளையை 5,132 மெல்லிய சீவலாப் படம் பிடிச்சு முப்பரிமாணத்துல வெளியிட்டாங்க. எல்லாமே உண்மை. எல்லாமே வாயைப் பிளந்து பார்க்க வேண்டிய வேலை. நான் ஒண்ணையும் மறுக்கலை.

"சரிடா, வயசானவங்களுக்கு வர்ற மறதி நோய்க்கு என்ன கிழிச்சாங்க?"ன்னு கேட்டேன். "அதுக்கும் மருந்து வந்தாச்சு, நீ பேப்பரே படிக்க மாட்டியா?"ன்னான் ஒருத்தன். அங்கதான் எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. ஏன்னா இதே வாக்கியத்தை ரெண்டு வாரம் முன்னாடிதான் எங்க மாமா சொல்லிட்டிருந்தார், ஆச்சி பக்கத்துல உக்காந்துக்கிட்டு.

எங்க ஆச்சிக்கு வயசு எழுபத்தெட்டு. தென்காசிப் பக்கம் கிராமம். மூணாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டாங்க, தம்பியைத் தூக்கி வச்சுக்க ஆள் இல்லைன்னு. ஆனா பீடிக்கடைக் கணக்கு முழுக்க அவங்க வாயிலதான் நின்னுச்சு. யாருக்கு எத்தனை கட்டு, யார் எவ்வளவு பாக்கி, எல்லாம். ஒரு பத்து வருஷம் முன்னாடி காது மந்தமாச்சு. மொதல்ல டிவி சத்தம் கூடிச்சு. அப்புறம் கல்யாண வீட்டுல ஓரமா உக்கார ஆரம்பிச்சாங்க. அப்புறம் யார் வந்து பேசினாலும் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். "காது மிஷின் வாங்கிக் குடுக்கலாமே"ன்னு அம்மா ஒருதடவை சொன்னப்போ, "இந்த வயசுல கிழவிக்கு எதுக்கு, அதை மாட்டிக்கிட்டு எங்க போகப்போறா"ன்னு வீடே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அதை மறைக்க விரும்பலை.

இப்போ ஆச்சிக்கு என் பேர் வரமாட்டேங்குது. என்னைப் பார்த்து மாமா பேரைச் சொல்றாங்க. கணக்குப் போட்ட வாய், மத்தியானம் சாப்பிட்டாச்சான்னு கேட்டா முழிக்குது. மாமா போன்ல ஒரு செய்தியைக் காட்டி, "அமெரிக்காவுல மருந்து வந்துட்டாம்ல, கொஞ்சநாள்ல இங்கயும் வந்துரும்"ங்கறார். அந்த நம்பிக்கையை உடைக்க எனக்கு மனசு வரலை. அதனால அங்க சொல்ல முடியாததை இங்க சொல்றேன்.

அந்த மருந்தோட கதை இதுதான். 1906-ல அலாய்ஸ் அல்ஜைமர்ங்கற ஜெர்மன் டாக்டர், இறந்துபோன ஒரு பெண்ணோட மூளையை மைக்ரோஸ்கோப்ல பார்த்து, உள்ள ரெண்டு விதமான கசடு இருக்குன்னு சொன்னார். அதுல ஒண்ணு அமிலாய்டுங்கற புரதம் திரண்டு படியறது. "இந்தப் படிவுதான் மூல காரணம், இதைத் துடைச்சா நோய் போயிரும்"ங்கற கருதுகோள் 1992-ல வந்து, அடுத்த முப்பது வருஷம் ஆராய்ச்சிப் பணத்துல பெரும்பங்கு அந்தப் பக்கமே போச்சு. மருந்து மேல மருந்து வந்து தோத்துது. 2006-ல 'நேச்சர்' இதழ்ல வந்த, அந்தக் கருத்துக்குத் தோள் குடுத்த ஒரு பிரபலமான கட்டுரையை, படங்கள்ல கைவேலை நடந்திருக்குன்னு 2024-ல திரும்பப் பெற்றாங்க. அந்த ஒரு கட்டுரையோட கருதுகோளே செத்துப்போச்சுன்னு சொல்றது ஜல்லியடிக்கறது. அது அந்த ஒண்ணு மேல மட்டும் நிக்கலை. ஆனா ஒரே பக்கம் எல்லாரும் சாய்ஞ்சா ஓட்டையைக் கவனிக்க எவ்வளவு நாள் ஆகும்ங்கறதுக்கு அது சாட்சி.

2021 ஜூன்ல அடுகானுமாப்ங்கற மருந்துக்கு அமெரிக்காவோட எஃப்.டி.ஏ. அனுமதி குடுத்துச்சு. அதோட சொந்த ஆலோசனைக் குழு வேண்டாம்னு சொல்லியும் குடுத்துச்சு. அந்தக் குழுவுல மூணு பேர் ராஜினாமா பண்ணாங்க. வருஷத்துக்கு 56,000 டாலர்னு விலை வச்சாங்க. வாங்க ஆள் இல்லாம 2024 ஜனவரியில கம்பெனியே கையைக் கழுவிடுச்சு.

அடுத்து வந்ததுதான் மாமா காட்டின லெகனெமாப். இது நிஜமாவே கொஞ்சம் வேலை செய்யுது, அதையும் சொல்லிடணும். 1,795 பேரை வச்சு 18 மாசம் நடந்த சோதனையில, நோய் முத்தற வேகம் 27 சதவீதம் குறைஞ்சுதாம். கேட்க நல்லாருக்கு இல்ல? அந்த 27 என்னன்னா, 18 புள்ளி இருக்கற ஒரு அளவுகோல்ல 0.45 புள்ளி வித்தியாசம். அதுவும் நோயோட ஆரம்பக் கட்டத்துல இருக்கறவங்களுக்கு மட்டும்தான். அந்தச் சோதனையில ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை ரத்தக்குழாய்ல ஏத்தினாங்க. நடுநடுவுல எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துக்கிட்டே இருக்கணும், ஏன்னா மருந்து எடுத்தவங்கள்ல நூத்துக்குப் பன்னிரண்டு பதிமூணு பேருக்கு ஸ்கேன்ல மூளை வீக்கம் தெரிஞ்சுது. பெரும்பாலும் வெளியில அறிகுறி இல்லை, ஆனா எல்லாருக்கும் அப்படி இல்லை. 2023-ல அறிவிச்ச விலை வருஷத்துக்கு 26,500 டாலர். நம்ம காசுல இருபது லட்சத்துக்கு மேல. எங்க ஊர்ல இருந்து எம்.ஆர்.ஐ. எடுக்கவே பஸ் ஏறிப் போகணும். போன ஞாபகம் எதையும் அது திருப்பித் தராது. மாமா, இதுதான் "வந்துட்டாம்ல" மருந்து.

இப்போ இன்னொரு பக்கம் பாருங்க.

சீனாவுல ஒரு சோதனை நடந்துச்சு. 326 கிராமங்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள்ள இல்லாத 33,995 பேர். பாதிக் கிராமங்கள்ல வழக்கமான வைத்தியம். மீதிப் பாதியில, பெரிய டாக்டர் படிப்பு படிக்காத கிராம வைத்தியர்கள் பி.பி. பார்த்து, மலிவான மாத்திரையை அளவு பார்த்துக் கூட்டிக் குறைச்சு, தொடர்ந்து சாப்பிடறாங்களான்னு கவனிச்சுக்கிட்டாங்க. நாலு வருஷம் கழிச்சுப் பார்த்தா, அந்தக் கிராமங்கள்ல மறதி நோய் 15 சதவீதம் குறைவு. 2025-ல 'நேச்சர் மெடிசின்' இதழ்ல வந்துச்சு. சிப் இல்லை, ரோபோ இல்லை. கைப்பட்டையைக் கட்டிக் காத்தடிக்கற பி.பி. கருவி.

அதே 2025-ல பிரிட்டன்ல வேல்ஸ்ல இருந்து இன்னொண்ணு. அங்க 2013-ல அக்கிக்கு அரசாங்கம் தடுப்பூசி போட ஆரம்பிச்சப்போ, 1933 செப்டம்பர் 2-க்கு முன்னாடி பொறந்தவங்களுக்குக் கிடையாதுன்னு கோடு போட்டாங்க. ஒரு வாரம் முன்னப்பின்ன பொறந்தவங்களுக்குள்ள வேற என்ன பெரிய வித்தியாசம் இருந்துடப்போகுது? ஆராய்ச்சியாளர்கள் பழைய பதிவேடுகளை எடுத்து ஏழு வருஷம் பின்தொடர்ந்து பார்த்தா, ஊசி போட்டுக்கிட்டவங்களுக்கு மறதி நோய் ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு குறைவு. அக்கி ஊசிங்க! மூளைக்குன்னு யாரும் கண்டுபிடிக்காதது.

'லான்செட்' ஆணையம் 2024-ல ஒரு பட்டியல் போட்டுச்சு. மாத்தக்கூடிய காரணங்கள் 14. எல்லாத்தையும் முழுசாச் சரி பண்ண முடிஞ்சா, உலகத்துல வர்ற மறதி நோய்ல 45 சதவீதத்தைத் தடுக்கலாம், இல்ல தள்ளிப்போடலாம்ங்கறது அவங்க கணக்கு. அதுல பெரிய பங்கு எதுக்குன்னு பார்த்தேன். ஆளுக்கு ஏழு சதவீதத்தோட ரெண்டு நிக்குது. ஒண்ணு கெட்ட கொழுப்பு. இன்னொண்ணு காது கேளாமை. அடுத்து சின்ன வயசுல படிப்பு இல்லாதது, யாரோடயும் ஒட்டாம தனிச்சுப் போறது, ரெண்டுக்கும் அஞ்சஞ்சு.

காது. படிப்பு. தனிமை. அந்தப் பட்டியல்ல எங்க ஆச்சியை யாரோ பேர் போட்டு எழுதின மாதிரி இருந்துச்சு.

இங்க ஒருத்தர் கையைத் தூக்குவீங்கன்னு தெரியும். "தம்பி, ரெண்டும் சேர்ந்து வர்றதால ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணம் ஆகிடாது." நியாயமான கேள்வி. காது மிஷினை வச்சே அமெரிக்காவுல 977 பேர்கிட்ட சோதனை பண்ணி 2023-ல முடிவு வந்துச்சு. மொத்தமாப் பார்த்தா மூணு வருஷத்துல குறிப்பிடும்படி பலன் தெரியலை. ஏற்கனவே ஆபத்து அதிகமா இருந்த வயசானவங்க குழுவுல மட்டும், அறிவுத்திறன் சரியற வேகம் 48 சதவீதம் குறைஞ்சுது. அதனால மிஷின் மாட்டியிருந்தா ஆச்சிக்கு இன்னிக்கு என் பேர் ஞாபகம் இருக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். எனக்கே தெரியாது.

ஆனா அந்தத் "தெரியாது"தான் என் சண்டையே. அதைத் தெரிஞ்சுக்கற ஆராய்ச்சிக்கு ஏன் யாரும் விசில் அடிக்கறதில்லை? இந்தியாவுல 60 வயசு தாண்டினவங்கள்ல 7.4 சதவீதம் பேருக்கு, கிட்டத்தட்ட 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்குன்னு 2023-ல வந்த கணக்கு சொல்லுது. ஆம்பளைங்களை விட பொம்பளைங்களுக்கு அதிகம், டவுனை விட கிராமத்துல அதிகம். இந்த 88 லட்சம் பேருக்கு எது பலன் தரும்ங்கறது அமெரிக்கக் கிழவர்களை வச்சுச் செஞ்ச சோதனையில முழுசாத் தெரியாது. இங்க, இந்த ஊர்ல, பீடி சுத்தின ஆச்சிகளை வச்சுக் கண்டுபிடிக்கணும்.

நம்ம ஊருக்கு அது ஆகாத காரியமும் இல்லை. 2021 ஆகஸ்ட்ல தமிழ்நாட்டுல 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பிச்சாங்க. வீட்டு வாசல்லயே பி.பி., சுகர் பார்த்து மாத்திரை குடுக்கற திட்டம். பையைத் தூக்கிட்டு வந்த அந்த அக்காக்களும் சீனாவோட கிராம வைத்தியர்களும் செஞ்ச வேலைக்குள்ள எவ்வளவு தூரம்? கூட ஒரு காது பரிசோதனை, ரெண்டு ஞாபகக் கேள்வி, பத்து வருஷம் ஒழுங்கான பதிவேடு. அது மூளை ஆராய்ச்சி இல்லைன்னு யார் சொன்னது? மாத்திரை குடுத்தா "சுகாதாரத் திட்டம்", மண்டையில ஓட்டை போட்டாத்தான் "நியூரோசயின்ஸ்"னு பிரிச்சு வச்சிருக்கோம் பாருங்க, அதைத்தான் தப்புங்கறேன்.

சிப் வேண்டாம்னு சொல்லலை. கழுத்துக்குக் கீழ அசைவே இல்லாத ஒருத்தர் நினைப்பாலயே கம்ப்யூட்டரை ஓட்டறது சாதாரண விஷயம் இல்லை. பழ ஈ வரைபடம் நாளைக்கு எதுக்கு உதவும்னு இன்னிக்கு யாராலயும் சொல்ல முடியாது, அடிப்படை ஆராய்ச்சின்னா அப்படித்தான். ஆனா "மூளை ஆரோக்கியம்"ங்கற பேரைச் சொல்லிக் கைதட்டு வாங்கினா, யார் மூளை, எந்த ஊர்ல, என்ன விலைக்குன்னு கேட்கற உரிமை எனக்கு இருக்கு.

கடைசியா நம்ம கிளாஸுக்கு. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்பு குடுக்கற நேரம் வருது. போன வருஷம் மட்டும் நாலு குரூப் தலையில மாட்டற ஈ.ஈ.ஜி. பட்டை செஞ்சாங்க. நாலும் இப்போ லேப் அலமாரியில தூங்குது. மலிவா ஒரு காது பரிசோதனைக் கருவி, நம்ம தமிழ்ல, படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரியற மாதிரி. யாராவது சேர்ந்தா நான் ரெடி. தெருவுல போய் நாமளே நூறு பாட்டிங்களுக்குப் பார்ப்போம்.

அப்புறம் இன்னொண்ணு. அந்தப் பட்டியல்ல காது, பி.பி., கொழுப்பு இதெல்லாம் கிழவயசுல வர்ற சமாச்சாரமா எழுதலை. நடுத்தர வயசுல கவனிக்க வேண்டியதுன்னு எழுதியிருக்கு. நடு வயசுன்னா யாரு? நம்ம அப்பா அம்மாதான். எங்க அம்மாவுக்கு நாப்பத்தெட்டு. பி.பி. மாத்திரை குடுத்து ரெண்டு வருஷமாச்சு, "தலை சுத்தினா மட்டும்" போடறாங்க. ஆச்சிக்கு நான் லேட். போன ஞாயித்துக்கிழமை போன் பண்ணி அம்மாகிட்ட அரை மணி நேரம் சண்டை போட்டேன். தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் போட்டாச்சான்னு கேட்டு இப்போ போன் பண்றேன். திட்டறாங்க. திட்டட்டும்.

நீங்களும் ஒரு போன் போடுங்க. காதுல சரியா விழுதான்னும் சேர்த்துக் கேளுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, இன்ஜினியரிங் படிக்கற பையன். இதைப் படிச்சுட்டு யாரும் சொந்தமா மாத்திரையை ஆரம்பிக்கவோ நிறுத்தவோ வேண்டாம். டாக்டரைப் போய்ப் பாருங்க. ஆச்சிக்குக் காது மிஷின் வாங்கியாச்சு. "ஏன்டே இப்படிக் கத்துதீய?"ன்னு கேட்டாங்களாம், மாமா சொன்னார். ரொம்ப நாள் கழிச்சு வீட்டுல எல்லாரும் மெதுவாப் பேசறாங்க.