பட்டியலில் இல்லாத பொருட்கள்

ஓவிய ஆசிரியராகச் சொல்கிறேன்: கலப்பு ஊடகம் என்ற பெயரில் கடையில் வாங்கிய ஜிகினாத் தாளை ஒட்டவைப்பது ஏமாற்று வேலை. பொருள் கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டும். தென்னம் பன்னாடை வண்ணத்தைக் குடித்துவிடும்; முதலில் ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்துப் பூச வேண்டும் என்பதை ஒரு மாணவியே கண்டுபிடித்தாள். துருப்பிடித்த ஆணியைத் தேயிலைச் சாயத்தில் நனைத்துத் தாளில் வைத்தால் கறுப்பு இறங்குகிறது. இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து, கடுக்காய் ஏற்றிய துணியில் கலம்காரிக்காரர்கள் கறுப்பு எடுப்பதும் இதே வேதியியல்தான்.

கானாவில் பிறந்த எல் அனாட்சுய், என்சுக்காவில் உள்ள நைஜீரியப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டே மதுப்புட்டி மூடிகளைச் செம்புக் கம்பியால் கோத்துச் சுவரளவு திரைகளாக்கினார். எங்கள் தேர்வில் அதற்கு 'சுத்தமாக இல்லை' என்று மதிப்பெண் குறைப்பார்கள். சோதித்துப் பார்த்ததற்கும் மதிப்பெண் ஒதுக்குங்கள். பெற்றோருக்கு அனுப்பும் பொருட்பட்டியலை நிறுத்துங்கள்.