பச்சை விளக்கு எரிந்தால் போதுமா?

1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர, ஹேவாஹெட்ட மலைப்பகுதியில்தான் இருக்கிறது. இன்று அம்மலைகளின் பெருங்கவலை மண்சரிவு. 2025 நவம்பரில் வந்த டித்வா புயல் இலங்கையில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மின்சாரமும் தொலைபேசியும் அறுந்த ஊர்கள் பல.

நள்ளிரவில் லயத்து மக்களை எழுப்ப ஒலிபெருக்கிக்கு நிகரான கருவி வேறில்லை என்பேன். ஆனால் வலையமைப்பில் இணைந்த ஒலிக்கருவியில் பச்சை விளக்கைக் கண்டதும் நிம்மதி அடைவது ஆபத்து. வலை இணைப்பருகே எரியும் விளக்கு, கம்பி பொருந்தியிருப்பதை மட்டுமே சொல்லும். அது சிமிட்டினால் தரவு போய்வருகிறது, அவ்வளவே. குரல் கருவிக்குள் வருவதைக் காட்டுவது 'சிக்னல்' விளக்கு. அதுவும் கூம்பிலிருந்து ஒலி வெளியேறுவதற்குச் சான்றன்று.

'மியூட்' ஒலியை நிறுத்தும். 'பைபாஸ்' இடைக்கருவியைத் தவிர்த்து ஒலியை நேரே அனுப்பும். இதிலும் இருவகை உண்டு. மென்பொருள் பைபாஸ், கருவி இயங்கினால்தான் உதவும். ரிலே பைபாஸ், கருவிக்கு மின்சாரம் நின்றாலும் உள்ளீட்டை வெளியீட்டோடு இணைத்துவிடும். ஆயினும் பெருக்கிக்கு மின்சாரம் வேண்டுமே!

ஆகவே தோட்டந்தோறும் மூன்று ஏற்பாடுகள் தேவை என்பது என் கருத்து. மின்கலத்தில் இயங்கும் பெருக்கி ஒன்று. வலையமைப்பை நம்பாமல் அதனோடு நேரே இணைந்த ஒலிவாங்கி ஒன்று. ஒவ்வொரு விளக்கின் பொருளையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய அட்டை ஒன்று.

கடைசி லயத்திலிருந்து ஒருவர் "கேட்டது" என்று சொல்லும்வரை எந்த விளக்கையும் நம்பவேண்டாம்.