கம்பத்தடி ஈரமும் கோயில் மின்சாரமும்

பங்குனியில் ஈரோட்டுப் பெரிய மாரியம்மன் கோயிலிலும், வைகாசியில் கரூர் மாரியம்மன் கோயிலிலும், வேறு வேறு மாதங்களில் கொங்குநாட்டுச் சிற்றூர்கள் பலவற்றிலும் அம்மன் சந்நிதிக்கு எதிரே கம்பம் நடப்படுகிறது. விடியுமுன் எழுந்து நீராடிய பெண்கள், மஞ்சளும் வேப்பிலையும் இட்ட நீரைக் குடத்தில் சுமந்து வந்து கம்பத்துக்கு வார்க்கிறார்கள். நாட்கள் செல்லச் செல்லக் கம்பத்தடி சேறாகிறது. ஈரப் புடவையும் வெறுங்காலுமாக அந்தச் சேற்றில் நின்றுதான் அம்மனை வணங்குகிறார்கள். தலைக்கு மேலே சீரியல் விளக்குச் சரங்கள். பக்கத்தில் இரும்புக் குழாயில் கட்டிய குழல்விளக்கு. அதன் அடியில் ஒலிபெருக்கி அமைத்தவரின் இணைப்புப் பலகை.

பக்தர் கண்ணுக்கு இது திருவிழாக் கோலம். தொழில் தெரிந்த மின்பணியாளர் கண்ணுக்கோ, ஆபத்துகள் அனைத்தும் ஒரே இடத்தில் கூடி நிற்கும் காட்சி.

மேலை நாட்டுத் தேவாலயங்களில் மக்கள் காலணியோடு, உலர்ந்த தரையில் அமர்ந்து வழிபடுகிறார்கள். அங்கே பொருந்தும் மின்வேலை முறை நம் கோயிலுக்கு அப்படியே பொருந்தாது. இங்கே செருப்பு வாசலிலேயே நின்றுவிடுகிறது. அபிஷேக நீர் கோமுகி வழியாக ஓடுகிறது. பிரகாரக் கல் நாள் முழுதும் நனைந்திருக்கிறது. நனைந்த உடல் மின்சாரத்துக்குக் காட்டும் தடை ஏறத்தாழ ஆயிரம் ஓம் என்று கொள்வது வழக்கம். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். இரண்டையும் வகுத்தால், உடல் வழியே பாயக்கூடிய மின்னோட்டம் 230 மில்லி ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க அதில் சிறு பகுதியே போதும்.

‘பீஸ் போட்டிருக்கிறோமே’ என்று விழாக் குழுவினர் சொல்வதுண்டு. 5 ஆம்பியர் பீஸ் என்பது 5,000 மில்லி ஆம்பியர் வரை பேசாமல் இருக்கும். 230 மில்லி ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டே அன்று. பீஸ் காப்பது கம்பியை; மனிதரை அன்று. இந்த ஒன்று ஊர்ப் பெரியவர்களுக்கு விளங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மனிதரைக் காக்கும் கருவி வேறு. ஆர்.சி.சி.பி. என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். அது செய்வது, வங்கியில் மாலை வேளையில் கணக்கை நேர் பார்க்கும் காசாளரின் வேலையே. ஒரு கம்பியில் சென்ற மின்சாரம் முழுவதும் மறு கம்பியில் திரும்பி வந்ததா என்று ஓயாமல் ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது யாரோ ஒருவர் உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று பொருள். நொடியில் பத்தில் மூன்று பங்கு கடப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. ஒருவர் இரண்டு கம்பிகளையும் இரு கையால் பற்றினால் இதற்குத் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். போனது திரும்பி வந்துவிட்டதாகவே கணக்குக் காட்டும். ஜெனரேட்டரில் ஓட்டும்போது அதன் நியூட்ரலை மண்ணோடு இணைக்காவிட்டாலும் இந்தக் கருவியை நம்ப இயலாது.

எர்த்து இல்லாமலும் இது வேலை செய்யும். ஆனால் எர்த்து சரியாக இருந்தால், குழல்விளக்கின் இரும்புக் கூட்டில் கசிவு ஏற்பட்ட அக்கணமே, யாரும் தொடுவதற்கு முன்பே துண்டிக்கும். கரியும் உப்பும் இட்டு அமைத்த எர்த்துக் குழி பங்குனி வெயிலில் காய்ந்து போகிறது. கொங்குநாடு மழை குறைந்த பாறை நிலம் ஆதலால் இங்கே இது பெருங்குறை. கம்பத்துக்கு வார்க்கும் நீரில் ஒரு குடம் அந்தக் குழிக்கும் போனால் அம்மன் குறை சொல்லமாட்டாள்.

நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1932இல். அந்த மின்சாரம் கோவையில் ஆலைகளைப் பெருக்கியது, பம்புசெட்டாகத் தோட்டத்துக் கிணற்றில் இறங்கியது, கோயிலுக்குள்ளும் வந்தது. எண்ணெய் விளக்குக்கென எழுந்த கட்டடத்தில் கம்பிக்கு இடம் ஏது? மரச் சட்டம் அறைந்து, அதன்மேல் கம்பி ஓட்டினார்கள். பிறகு வந்தவர்கள் பழையதை எடுக்காமல் அதன்மேலேயே புதியதைச் சேர்த்தார்கள். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாத கோயில்கள் இன்றும் உண்டு. 12 ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து கும்பாபிஷேகம் நடத்தும்போது, வண்ணம் பூசுவதற்கு முன்பாகப் பழைய கம்பிகள் முழுவதையும் நீக்கிவிட்டுப் புதிதாக அமைப்பதே முறை. யாகசாலைக்கு ஓலைப் பந்தல் போட்டால் அதற்குத் தனி மெயின் சுவிட்ச் வேண்டும். ஓலையோடு ஒட்டி விளக்குக் கட்டக் கூடாது. மின்தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மணல் வாளி அருகில் இருக்கட்டும்.

கல் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பேரூர்ப் பட்டீசுவரர் திருக்கோயிலின் கனகசபை 17ஆம் நூற்றாண்டில் அழகாத்திரி நாயக்கர் காலத்தில் எழுந்தது. அதன் விதானத்தில் தொங்கும் கல்சங்கிலிகளைக் கண்டு வியக்காதவர் இலர். அத்தகைய மண்டபத்தில் ஒரு மின்விசிறிக்காகத் துளையிடும் கருவியை எடுப்பது எத்தகைய செயல்! சிறு கோயில்களில் கல்வெட்டின் நடுவே ஆணி அறைந்திருப்பதைக் காணும்போது மனம் பதறுகிறது. அந்த ஆணி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பன்மடங்கு பருக்கும். பருத்துக் கல்லை உள்ளிருந்தே பிளக்கும். கம்பிக் குழாயைக் கபோதத்தின் மேல்புறமாகக் கொண்டுபோகலாம். தூணில் நிறுத்தியே ஆகவேண்டுமெனில், ரப்பர் வைத்த பட்டையால் சுற்றிப் பிடிக்கலாம். வேலை இருமடங்கு ஆகும், கூலியும் கூடும். கொடுக்க வேண்டியதே.

கருவறைக்குள் மின்விளக்கு வைக்காத வழக்கம் பல கோயில்களில் உண்டு. ஆகவே எந்த எல்லை வரை வரலாம், எப்பொழுது வரலாம் என்று அர்ச்சகரையோ பூசாரியையோ கேட்டுக்கொண்டு, நடை சாத்திய பின் வேலை செய்வது நல்ல மின்பணியாளருக்கு அடையாளம். தீபம் எரியும் இடத்தருகே சுவிட்ச் பலகை கூடாது. எண்ணெய்ப் புகையும் ஈரமும் சேர்ந்து படிந்தால் அந்தக் கரியே மின்சாரத்துக்கு வழியாகிறது. மடைப்பள்ளியில் எலி கடிக்கும் கம்பிகளையும் மறந்துவிடுகிறார்கள்.

இவை எல்லாம் கோயிலுக்குள். தேர் வீதிக்கு வந்துவிட்டால் எந்தக் கருவியும் காப்பாற்றாது. 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், அப்பர் சுவாமிகள் சதய விழாவில் விளக்கலங்காரத்தோடு வந்த தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசியது. சிறுவர்கள் உட்பட 11 பேர் மாண்டார்கள். நாவுக்கரசர் பெயரைச் சொல்லிக்கொண்டு வீதியில் வந்தவர்கள் அவர்கள். தெருவைக் குறுக்கே கடக்கும் உயர் அழுத்தக் கம்பி தரையிலிருந்து 6.1 மீட்டர், அதாவது 20 அடி உயரத்தில் இருந்தால் விதிக்குப் போதுமானது. அலங்காரத்தோடு தேர் எத்தனை அடி என்று அளந்து பார்க்கும் ஊர்கள் எத்தனை? சாலைக்கு மேல் சாலை போட்டுத் தரை உயர்ந்திருப்பதைக் கணக்கில் எடுப்பவர்கள் எத்தனை பேர்? சிறிய சப்பரம்தானே என்று எண்ணாமல், மின்வாரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, தேர் நிலைக்கு வரும்வரை மின்சாரத்தை நிறுத்தச் செய்ய வேண்டும். கம்பத்தில் கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பது பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை, அது குற்றம்.

குழல்விளக்கு ஒன்று வாங்கிக் கொடுத்து, வெளிச்சமே வெளியே வராதபடி அதன்மேல் உபயதாரர் பெயரை எழுதுவது பற்றிய வேடிக்கை பழையது. எர்த்துக் கம்பியில் யார் பெயரும் எழுத முடியாது. அதனால்தானோ என்னவோ அதற்கு உபயதாரர் கிடைப்பதில்லை. விழாக் குழு கூடி வரவு செலவு வாசிக்கும்போது, வாண வேடிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒதுக்கிய பின், ‘மின் பாதுகாப்பு’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லும் உரிமை முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கு உண்டு. மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று பெற்றவரா வேலை செய்கிறார் என்று கேட்கும் உரிமையும் உண்டு.

அந்தக் கருவியில் ‘டி’ என்று குறித்த சிறு பொத்தான் ஒன்று இருக்கும். கம்பம் நட்ட மறுநாள் விடியலில், பெண்கள் குடத்தோடு வருமுன் அதை ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லலாம். விளக்குகள் அனைத்தும் அணைந்தால் கருவி விழித்திருக்கிறது. மறுபடி ஏற்றிக்கொண்டு முதல் குடத்தை வார்க்கலாம். அணையாவிட்டால், கருவியை மாற்றும்வரை கம்பத்தடி விளக்குகளுக்கு மின்சாரம் வேண்டாம். அதுவரை அகல்விளக்கு எரியட்டும்.