அஞ்சலி வேண்டாம், நகல் எடுங்கள்

தமிழில் ஓர் இணைய இதழ் நின்றுபோனால் உடனே நான்கு பேர் அஞ்சலி எழுதுகிறார்கள். எத்தனை விவாதம், எத்தனை புதிய எழுத்தாளர்கள் என்று உருகுகிறார்கள். சரி, அந்த விவாதம் எங்கே என்று கேட்டால் சுட்டி திறப்பதில்லை. நகல் இருக்கிறதா என்றால், "அதெல்லாம் டெக்னிக்கல் ஆளுங்க வேலைங்க" என்று பதில் வருகிறது. என் சண்டை இந்தப் பதிலோடுதான்.

தினமும் தரவுத்தளத்தை நகலெடுக்கச் சொல்லி செர்வரில் ஒரு கட்டளை எழுதிவைப்பதும், அது நடக்கிறதா என்று பார்ப்பதும் பதிப்பாசிரியரின் வேலை. மெய்ப்புப் பார்ப்பதைப் போன்ற வேலை. ஒற்றுப்பிழையோடு கட்டுரை வந்தால் வெட்கப்படுகிறோம். நகலே இல்லாமல் பத்து வருடம் இதழ் நடத்த மட்டும் வெட்கம் வருவதில்லை.

2000களின் தொடக்கத்தில் தமிழ் இணையப் பேச்சில் பெரும்பகுதி யாஹூ குழுமங்களில் நடந்தது. மரத்தடி, ராயர் காபி கிளப். நம் பக்கத்தில், சுங்கைப்பட்டாணி டாக்டர் ஜெயபாரதி நடத்திய அகத்தியர். 2019 அக்டோபரில் யாஹூ, பழைய மடல்களை அழிக்கப்போகிறோம், வேண்டியவர்கள் இறக்கிக்கொள்ளுங்கள் என்று அறிவித்தது. 2020 டிசம்பரில் கடையையே மூடியது. நேரத்தோடு இறக்கி வைத்தவர்களிடம் இருப்பதுதான் இன்று மிச்சம். யாஹூவைத் திட்டலாம், தப்பில்லை. ஆனால் இதே யாஹூதான் 2009இல் ஜியோசிட்டீஸை மூடியது. பாடம் படிக்க நமக்குப் பத்து வருடம் இருந்தது.

இதில் மரபை வேறு துணைக்கு இழுக்கிறோம். ஈராயிரம் ஆண்டு நின்ற இலக்கியமாம். அது தானாக நிற்கவில்லை. ஓலை செல்லரிக்கும் என்று தெரிந்தவர்கள் தலைமுறைக்குத் தலைமுறை பெயர்த்து எழுதியதால் நின்றது. பெயர்த்து எழுதாத இடத்தில் என்ன ஆயிற்று? கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு தேடிப்போன உ.வே.சா.வுக்கு, பழைய ஏடுகளை ஆகமப்படி நெய்யில் தோய்த்து அக்கினியில் இட்டுவிட்டோம் என்று பதில் கிடைத்தது. மரியாதைக்குக் குறைச்சல் இல்லை, நகல்தான் இல்லை. நம் அஞ்சலிக் கட்டுரைகளும் அந்த நெய்தான்.

பத்து காவானில் உட்கார்ந்து இதை எழுதும்போது எரிச்சல் கூடுகிறது. செம்பனைத் தோட்டமாக இருந்த இந்த மண்ணில் இன்று உலகத்தின் நினைவகம் தயாராகிறது. வெஸ்டர்ன் டிஜிட்டல் இங்கே எஸ்.எஸ்.டி. ஆலை கட்டியது. மைக்ரான் 2023இல் புதிய ஆலை திறந்தது. இரவு ஷிப்டுக்குப் போகும் பேருந்துகளில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இயந்திரம் கெட்டபிறகு பார்க்கலாம் என்று எந்த ஆலையும் உட்கார்ந்திருப்பதில்லை. நன்றாக ஓடுவதையே குறித்த நாளில் நிறுத்திப் பராமரிக்கிறார்கள். ஷிப்டில் இதைச் சரியாகச் செய்கிற ஆள்தான் வீட்டுக்கு வந்து தன் இதழைப் பற்றி "பாத்துக்கலாம்லா" என்கிறார்.

வழக்கமான சமாதானங்கள் மூன்று. "ஹோஸ்டிங்காரன் எடுத்து வச்சிருப்பான்." 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தது. நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் போயிற்று. "அது ஆட்டோமேட்டிக்கா ஓடுது." 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான செர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். அன்றாட நகல் ஓடுவதாகத்தான் நினைத்திருந்தார்கள். அது தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஒருவர் ஆறு மணிநேரம் முன்பு கையால் எடுத்த நகல்தான் காப்பாற்றியது. "வேபேக் மெஷின்ல இருக்கும்." எல்லாப் பக்கமும் அதில் இருக்காது. 2024 அக்டோபரில் தாக்குதலுக்கு ஆளாகி அதுவே சில நாள் முடங்கிக் கிடந்தது.

செய்யவேண்டியது பெரிய வித்தை இல்லை. மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு ஊரில். மலேசிய நேரம் அதிகாலை 3 மணிக்கு கிரான் வழியாக நகல் எடுக்கலாம்; சென்னையில் அப்போது நள்ளிரவு 12.30, டொராண்டோ வாசகருக்கு மட்டும் பிற்பகல். வாரம் ஒருமுறை வேர்ட்பிரஸ் புதுப்பிப்பு, அதற்கு முன் ஒரு நகல். டொமைன் முடியும் தேதி ஒரே ஆளின் மின்னஞ்சலில் மட்டும் இருக்கக்கூடாது. அவர் சண்டை போட்டுக்கொண்டு போனால் இதழும் கூடவே போகும். மாதம் ஒருமுறை அந்த நகலிலிருந்து தளத்தை வேறிடத்தில் எழுப்பிப் பார்க்கவேண்டும். திறந்து பார்க்காத நகல் வெறும் நம்பிக்கை. இடம் போதாது என்று யாரும் சொல்லவேண்டாம். ஆயிரம் கட்டுரைகளின் எழுத்து மட்டும் என்றால் சில பத்து எம்பிதான். கல்யாணத்தில் எடுக்கும் ஒரு வீடியோவைவிடச் சிறியது.

மலேசியத் தமிழ் எழுத்துக்கு இது ஆடம்பரக் கவலை அல்ல. நம் சிறுகதையை, நம் சண்டையை, நம் தோட்டத்து நினைவை நாம் வைக்காவிட்டால் வேறு ஊர்க்காரர் வைத்திருக்கமாட்டார். முப்பது வருடம் கழித்து ஒரு ஆய்வு மாணவி தேடி வருவாள். அவளுக்குத் தேவை எழுத்து, நம் துக்கம் அல்ல.

ஆகவே இளைய நண்பர்களே, அடுத்த கதையை அனுப்பும்முன் ஆசிரியரிடம் கேளுங்கள்: "அண்ணே, கடைசியா நகலைத் திறந்து பாத்தது எந்தத் தேதி?" தேதி சொல்லத் தெரியாத இதழுக்கும் கதை கொடுங்கள், பரவாயில்லை. ஆனால் நகல் எடுக்கும் வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பெயர் பட்டியலில் வராது. வரவேண்டும் என்று அதற்கும் சண்டை போடுங்கள்.