வாடகை வீடு, மேல்மாடிச் சத்தம், உங்க பிபி

1/ சிங்கப்பெருமாள் கோயில்ல வாடகைக்கு இருக்கறவங்கள்ல நிறைய பேருக்கு மறைமலைநகர், மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி பக்கம் ஷிஃப்ட் வேலை. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து படுத்தா, மேல்மாடியில மிக்ஸி, டிவி. "தூக்கமே இல்ல டாக்டர், மாத்திரை குடுங்க."

2/ "மேல் வீட்டுல சொன்னீங்களா?"ன்னு கேட்டா, "வாடகைக்கு இருக்கோம், எதுக்கு சார் வம்பு? காலி பண்ணச் சொல்லிட்டா?"

3/ தூக்கம் தொடர்ந்து கெட்டா ரத்த அழுத்தம் ஏறும், சர்க்கரையும் கட்டுக்குள்ள நிக்காது. வம்புக்குப் பயந்து உடம்பைக் கெடுத்துக்காதீங்க.

4/ முதல்ல நேர்ல போங்க. கோபத்தோட இல்ல, சாயங்காலமா, நிதானமா. "காலை 8 மணியிலிருந்து 1 மணி வரை தூங்குவேன்"னு நேரத்தைச் சொல்லுங்க. பல பேருக்கு அது தெரியவே தெரியாது. பகல்ல மிக்ஸி ஓடத்தான் செய்யும், அதை நீங்களும் பொறுத்துக்கணும்.

5/ ராத்திரி கதை வேற. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. சொந்த வீட்டுக்காரருக்கும் இதே எல்லைதான். சொல்லியும் கேக்கலன்னா போலீஸ்ல புகார் குடுக்கலாம்.

6/ வாடகை ஒப்பந்தத்தை எழுத்துல வாங்கிடுங்க. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, கோபத்துல வீட்டுக்காரர் தண்ணியையோ கரண்ட்டையோ நிறுத்த முடியாது.

7/ தூக்க மாத்திரையை அப்புறம் பார்க்கலாம். இன்னிக்கு சாயங்காலம் மேல போய் ஒரு தடவை பேசிட்டு வாங்க.