தேங்காய்க்கு முன் நிறுத்துங்கள்

பொங்கல் பானை பொங்குவதற்கு நல்ல நேரம் பார்க்கிறோம். கூட்டுக்கும் பொரியலுக்கும் நேரம் பார்ப்பதில்லை. ஆனாலும் பரங்கிக்காய், அவரை, வாழைக்காய், சேனை, மொச்சை, சர்க்கரைவள்ளி என்று வாங்கிவைத்த அத்தனையையும் அன்று விடியலில் தொடங்கித்தான் நறுக்கி, வேகவைத்து, அரைத்து, தாளிக்க வேண்டும் என்பது பல வீடுகளில் எழுதாத சட்டம். பதினைந்து பேர் சாப்பிட உட்காரும் வீட்டில், இந்தச் சட்டம் ஒருத்தியை அடுப்படியை விட்டு நகர விடாது. 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். பண்டிகை இந்தச் சுமையைக் கூட்டத்தான் செய்கிறது.

அதற்காக எல்லாவற்றையும் முதல் நாளே சமைத்துவைத்து, மறுநாள் சுடவைத்துப் பரிமாறச் சொல்லவில்லை. நம் கூட்டும் பொரியலும் இரண்டு கட்டமாகத்தான் உருவாகின்றன. காயும் பருப்பும் முதலில் வேகும். தேங்காயும் தாளிப்பும் பிறகு சேரும். ருசி இறங்குவது பெரும்பாலும் அந்த இரண்டாம் கட்டத்தில்தான். அரைத்த தேங்காய் சீக்கிரம் ஊசிவிடும். தாளித்த கறிவேப்பிலையின் மணம் இரவோடு போய்விடும். அவியலில் விட்ட தயிர் மறுபடி கொதித்தால் திரியும். ஆகவே, முதல் நாள் வேலையைத் தேங்காய்க்கு முன் நிறுத்துவதுதான் சரி. பருப்பை வேகவைத்து, அவரைக்கு நார் எடுத்து, சேனையைத் தோல் சீவி, பச்சை மொச்சையை உரித்து ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். வாழைக்காய் கறுத்துப்போகும், அதை அன்றைக்கே நறுக்கலாம். மறுநாள் காயையும் பருப்பையும் கொதிக்கவிட்டு, தேங்காய் அரைத்துச் சேர்த்துத் தாளித்தால், அந்தக் கூட்டைப் பழையது என்று யாராலும் சொல்ல முடியாது. புளி இஞ்சியும் வத்தக்குழம்பும் வேறு ரகம். ஓர் இரவு ஊறினால் அவற்றின் ருசி கூடும்; முழுக்கவே முடித்துவைக்கலாம். அப்பளமும் வடையும் எண்ணெயிலிருந்து நேராக இலைக்கு வர வேண்டியவை.

சுடவைத்துச் சாப்பிட்டால் உடம்புக்கு ஆகாது என்பார்கள். கெடுதல் வருவது சூட்டால் அல்ல, இடையில் வெளியே கிடப்பதால். சமைத்ததை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், மறுபடி சுடவைக்கும்போது 70 டிகிரி செல்சியஸ் தாண்ட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரிய குண்டானில் வெந்த பருப்பு நடுவில் ஆற வெகு நேரம் பிடிக்கும். அகலமான பாத்திரங்களில் பரப்பி ஆறவைத்து ஃபிரிட்ஜுக்குள் எடுத்துவையுங்கள். சோற்றை மட்டும் அன்றே வடியுங்கள். வெளியே கிடந்த சோற்றில் பாசில்லஸ் செரியஸ் என்ற கிருமி உண்டாக்கும் நச்சு, திரும்பக் கொதிக்கவைத்தாலும் அழியாது.

படையலுக்கு முந்தின நாள் சமைத்தது ஆகாது என்பது இன்னொரு மறுப்பு. அது நம்பிக்கை சார்ந்தது. அதோடு வாதாட எனக்கு விருப்பமில்லை. அந்த வீடுகளில் முதல் நாள் அடுப்பே பற்றவைக்க வேண்டாம். உரிப்பதும் சீவுவதும் நறுக்குவதும் சமையல் ஆகிவிடாது. விடியலின் பெரும்பகுதியைத் தின்பதும் அவைதான். அவற்றுக்குக் கைப்பக்குவம் ஒன்றும் தேவையில்லை. போகியன்று மாலை வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் மொச்சையை உரிக்க உட்காரட்டும்.